கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குப் போன கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது?

துறையூரான்:

வணக்கம். போன மாதம் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பரணில் ஒரு தகரப் பெட்டி. அப்பாவின் தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டால் அப்பாயி முதுகில் இரண்டு வைப்பார். இப்போது அடிக்க ஆளில்லை, திறந்துவிட்டேன்.

உள்ளே ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பத்துக் காசு இரண்டு. ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், 1927 என்று இருக்கிறது. புலி பாய்கிற தபால்தலை ஒட்டிய உறை ஒன்று, கடிதம் இல்லாமல். முத்திரையில் குவாலா செலாங்கூர் என்று தட்டுத்தடுமாறி வாசிக்க முடிகிறது, தேதி அழிந்துபோயிற்று. அப்புறம் மேலே ஓட்டை போட்ட வட்டத் தகரம் ஒன்று. அதில் எண்கள் அடித்திருக்கின்றன.

வீட்டில் சொல்லும் கதை இவ்வளவுதான். தாத்தா கைக்குழந்தையாக இருந்து மூன்று வயது நடக்கும்போது இவர் கங்காணியோடு கப்பல் ஏறினார். தாத்தா பிறந்தது 1924, ஆகவே 1927 வாக்கில் இருக்கும். நாலைந்து வருடத்தில் திரும்பி வந்தார், இரண்டு வருடம் இங்கே கிடந்தார், மறுபடியும் போனார். ‘சப்பான்காரன் வந்த வருசத்தோட கடுதாசி நின்னு போச்சு’ என்று அப்பாயி சொல்வார். அவ்வளவுதான். செத்தாரா, அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டாரா, யாருக்கும் தெரியாது. கொள்ளுப்பாட்டி தாலியைக் கழற்றாமலே செத்ததாகச் சொல்வார்கள்.

அவர் போன கப்பலின் பெயர், தேதி இரண்டும் எனக்கு வேண்டும். எங்கே தேடுவது? அந்தத் தகரம் அவருடைய பயண டிக்கெட்டா?


மயிலாப்பூர் வாசகன்:

கட்டாயம் கிடைக்கும், கவலைப்படாதீர்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டர்பன்காரர். பூர்வீகம் வட ஆற்காடு என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். தென்னாப்பிரிக்க ஆவணங்களில் தேடினோம், ஒரே வாரத்தில் அவருடைய முப்பாட்டி கிடைத்துவிட்டார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்.

முதல் கப்பல் ‘ட்ரூரோ’ மதராசிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படத்தோடுகூட வைத்திருக்கிறார்கள். மலாயாவுக்கும் இதுபோல ஏதாவது இருந்தே தீரும். பெயர் வேறு, மற்றபடி எல்லாம் ஒரே அடிமை வியாபாரம்தானே.


பழைய கிராணி:

தம்பி துறையூரான், நான் சிலாங்கூர்க்காரன், வயது 76. தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பிறகு பட்டணத்துப் பள்ளிக்குப் போய், 1968இல் ஒரு தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்தேன். அந்த நாற்காலி அதற்கு முன் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாருக்கும் மலையாளிகளுக்கும்தான். வெட்டுக்காரன் மகன் அதில் உட்கார்ந்தது எங்கள் லயத்தில் ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருந்தது. அது கிடக்கட்டும்.

மயிலாப்பூர் ஐயா சொல்வது நேட்டாலுக்குச் சரி, மலாயாவுக்குப் பொருந்தாது. உங்களை வீணாக அலையவிட எனக்கு மனமில்லை.

நேட்டால், மொரீஷியஸ், பிஜிக்குப் போனது ஒப்பந்தக் கூலி. இத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அரசாங்கத்தின் முன்னிலையில் ஒப்பந்தம். ஓடிப்போனால் பிடித்துச் சிறையில் போட வேண்டும், அதற்கு அடையாளம் வேண்டும். தழும்பு வரை எழுதியது அதற்காகத்தான். மலாயாவிலும் ஆரம்பத்தில், கரும்பும் காப்பியும் போட்ட காலத்தில், இந்த முறை இருந்தது. 1910இல் அதை நிறுத்தினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா போனது அதற்குப் பிறகு, கங்காணி முறையில். அதில் ஒப்பந்தம் கிடையாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம் என்று சட்டமே இருந்தது. போய் எங்கே நிற்பது என்பது வேறு கேள்வி. பின்னால் தேட வேண்டிய ஆளில்லை என்றால் எவன் தழும்பை எழுதி வைப்பான்? சுதந்திரமாகப் போனவர்களுக்குத்தான் இன்று காகிதம் இல்லை. எனக்கு இதை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

கங்காணி யார் என்று தெரிந்தால்தான் உங்கள் வழி திறக்கும். அவன் வெளியாள் அல்ல. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற, துரைக்கு நம்பிக்கையான கூலி. அவனுக்கு ஒரு லைசென்ஸ் கொடுத்து, ‘உன் ஊருக்குப் போய் உன் சனங்களைக் கூட்டி வா’ என்று அனுப்புவார்கள். அவனும் மாமன் மச்சான், பங்காளி, பக்கத்துத் தெரு என்று சொந்த ஊரிலேயே ஆள் சேர்ப்பான். கிராம முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு ரயிலில் நாகப்பட்டினம் டிப்போ அல்லது ஆவடி டிப்போ. அங்கே சாப்பாடு, அம்மை ஊசி. கப்பல் கூலியும் ரயில் கூலியும் ஒரு பொது நிதியிலிருந்து வரும். 1907இல் தொடங்கிய நிதி அது. தோட்டக்காரர்கள் தங்களிடம் எத்தனை தமிழ் ஆட்கள் வேலை செய்கிறார்களோ அந்தக் கணக்குக்கு அதில் பணம் கட்டினார்கள். பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனியே நிறுத்தி வைப்பார்கள், கிள்ளான் பக்கம் இறங்கினால் போர்ட் சுவெட்டன்ஹாமில். எங்கள் அப்பா ஜெரஜாக்கைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ‘துணியை எல்லாம் அவிச்சுக் குடுத்தான்.’

கப்பல் என்றால் 1926க்குப் பிறகு எல்லார் வாயிலும் ‘ரஜூலா’தான். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை ஓடியது. ஆனால் வேறு கப்பல்களும் இருந்தன. ரஜூலாவாகத்தான் இருக்கும் என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள்.

இனி உங்கள் பெட்டி. புலித் தபால்தலை, சிலாங்கூரும் சேர்ந்த மலாய்க் கூட்டு மாநிலங்களுடையது. 1935இல் சிலாங்கூருக்குத் தனித் தபால்தலை வந்துவிட்டது. ஆக அந்த உறை அதற்கு முந்தையது என்றே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் கோலசிலாங்கூர் என்போம். ரப்பரும் தென்னையும் நிறைந்த வட்டாரம்.

அவர் ஏன் திரும்பி வந்தார் என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லையா? வீட்டு நினைப்பில் வந்திருக்க மாட்டார். 1930இல் ரப்பர் விலை விழுந்தது. அதற்கு முன் ஆணுக்கு நாளுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கொடுத்த தோட்டங்கள் முதலில் கூலியைக் குறைத்தன, அப்புறம் ஆளைக் குறைத்தன. கூட்டி வந்த அதே நிதியின் செலவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1934இல் விலை ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்கள். நாலைந்து வருடம், திரும்புதல், இரண்டு வருடம் கிடத்தல், மறுபடி போதல் என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கில் அப்படியே உட்காருகிறது. வராமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார். 1938இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதையே தடை செய்தது.

கடைசியாக, உங்கள் அப்பாயி சொன்ன அந்தச் சப்பான்காரன் வந்த வருடம், 1941. அந்த வருடம் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள், துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். ஆமாம், அதுவரை இறங்க வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான், பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தபால் நின்றது அப்போதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட 1942, 43இல் தோட்டத் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர்ப் பட்டியல் கிடையாது. என் பெரியப்பா ஒருவர் போனார். அம்மா கடைசி வரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை, ‘சேதி வரலையே’ என்பார். உங்கள் கொள்ளுப்பாட்டியின் தாலிக் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? கப்பலை விடுங்கள், கங்காணியைத் தேடுங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ‘கங்காணி வீடு’ என்று ஒரு வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கியவன் அவன். அவன் வீட்டில் தேக்குத்தூண் இருக்கும், படம் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். தோட்டத்தின் பெயர் கிடைத்தால் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். அது கிடைக்காவிட்டால், 1970 வாக்கில் மலேசியாவிலிருந்து திரும்பிய கிழங்கள் யாராவது உண்டா என்று கேளுங்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஏராளமானவர்கள் ஊர் திரும்பினார்கள். என் கையாலேயே சிலருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

தகரத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.


கோத்தகிரிக் கொழுந்து:

தம்பி, அந்தத் தகரம் எங்கள் ஆளுடையது மாதிரி இருக்கிறது! நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964இல் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் பதிந்து, 1974இல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினோம். எனக்கு அப்போது 11 வயது. அப்புறம் இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் அதே கொழுந்து, அதே குளிர், அதே லயம். தோட்டத்துக்குப் பெயர் மட்டும் மாறிற்று.

1901 வாக்கில் தொடங்கி சிலோனுக்குப் போகிற ஆட்களுக்கு எண் அடித்த தகரம் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அந்த எண் சொல்லிவிடும். கையில் காசே வேண்டாம், வழிச்செலவைத் தோட்டத்துக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். எங்கள் அம்மாவின் அப்பா அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மண்டபம் முகாமில் நின்றதாகச் சொல்வார். ‘மாட்டுக்கு மணி, எங்களுக்குத் தகரம்’ என்பார், சிரித்துக்கொண்டே.

திருச்சியில்தான் சிலோன் தோட்டக்காரர்களின் ஆள்சேர்ப்பு அலுவலகமே இருந்தது. முசிறி, துறையூர், நாமக்கல் பக்கமிருந்து கண்டிச் சீமைக்குப் போகாத தெரு இருக்காது. உங்கள் கொள்ளுத்தாத்தாவே முதலில் கண்டிக்குப் போயிருக்கலாம், அல்லது வீட்டில் வேறு யாராவது. ஒரே பெட்டியில் கிடந்தால் ஒருவருடையதாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் வீட்டுப் பெட்டியில் நாலு பேருடைய பிறப்புச் சர்டிபிகேட் கிடக்கிறது. இரண்டு பேர் யார் என்று தெரியாது.

பெரியவர் ஐயாவுக்கு ஒன்று. கங்காணிக்குத் தேக்குத்தூண் இருந்தது என்றீர்கள். எங்கள் பக்கம் அந்தத் தூண் எங்கள் கடனில் எழுந்தது. முன்பணம் என்று கொடுத்ததைத் துண்டு என்கிற கடன் சீட்டில் எழுதி, தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். மயிலாப்பூர்க்காரர் அடிமை என்று சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.


பழைய கிராணி:

தள்ளவில்லை, தங்கச்சி. ஐந்து மணிப் பிரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டவன் நான். ஒருவர் வராவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தவன். காகிதம் ஏன் இல்லை என்பதற்குத்தான் அந்த வித்தியாசத்தைச் சொன்னேன், கங்காணிக்கு வக்காலத்து வாங்க அல்ல. துண்டுக் கடன் விஷயத்தில் உங்கள் தாத்தாக்கள் எங்களைவிட அதிகம் பட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன்.


மயிலாப்பூர் வாசகன்:

நன்றி ஐயா. டர்பனில் கிடைத்ததும் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நினைத்துவிட்டேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை போகிறேன். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், அங்கே ஏதாவது கோப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன்.


துறையூரான்:

இத்தனை பேர் இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் போடவே தோன்றவில்லை. மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தையைப் பார்க்கப் போனேன். வயது 79, காது கேட்காது, மற்றபடி எல்லாம் தெளிவு. தகரத்தைக் கையில் வைத்ததும், ‘இது பெரியவருதுடா, கண்டியில தேத்தண்ணிக் காட்டுல இருந்தாரே, அவருது’ என்றார். கொள்ளுத்தாத்தாவின் அண்ணனாம். இப்படி ஒருவர் இருந்ததே எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. அவர் காய்ச்சலோடு திரும்பி வந்து இங்கேயே செத்திருக்கிறார். கோத்தகிரி அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே பலித்தது. அண்ணன் கண்டிக்குப் போய்க் காய்ச்சலோடு வந்து செத்துப்போன பிறகு தம்பி ஏன் அந்தப் பக்கம் போகாமல் பினாங்குப் பக்கம் போனார் என்பதும் இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

‘கங்காணி வீடு’ என்று கேட்டதும் அத்தை கையை நீட்டிவிட்டார். மூன்று மைல் தள்ளி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டை நான் எத்தனையோ முறை பைக்கில் தாண்டியிருக்கிறேன். இப்போது பாதி இடிந்து, மீதியில் தீவன மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேக்குத்தூண் இருக்கிறது ஐயா. நாலு இருந்ததில் இரண்டை விற்றுவிட்டார்களாம்.

அந்த வீட்டுப் பேரன் முதலில் முகம் கொடுக்கவில்லை. ‘கங்காணி குடும்பம்னு திட்டத்தான் வர்றாங்க’ என்றார். நான் பத்துக் காசைக் காட்டினேன். உள்ளே போய் அதே மாதிரி ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினார். கூடவே ஒரு படமும். தொப்பி போட்ட துரை நாற்காலியில், பின்னால் முப்பது நாற்பது பேர், முண்டாசோடு நிற்கிறார்கள். முன்வரிசையில் தரையில் பெண்கள். யார் யார் என்று எழுதவில்லை. பின்புறம் பென்சிலில் தோட்டத்தின் பெயரும் 1936 என்ற வருடமும் இருக்கின்றன. இங்கே பொதுவில் போடவில்லை ஐயா, உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

படத்தில் இடது ஓரம் ஒருவர் நிற்கிறார். என் அப்பாவின் காது. அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அது அப்பாவின் காது.


பழைய கிராணி:

பெயரைப் பார்த்தேன் தம்பி. அந்தத் தோட்டம் எனக்குத் தெரியும், நான் வேலை செய்த இடத்திலிருந்து ஆற்றுக்கு அந்தக் கரை. பால்மரத்தை அழித்து எண்பதுகளிலேயே செம்பனை, அதாவது பாமாயில் மரம், போட்டுவிட்டார்கள். லயங்கள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. பழைய குடும்பங்கள் நாலைந்து கிள்ளானிலும் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கின்றன, ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். அந்தக் கோயிலின் பழைய வரிப்பணக் கணக்கு நோட்டுகள் ஓர் அம்மாள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. தோட்டத்துக் காகிதம் போனாலும் கோயில் நோட்டு சில இடங்களில் தப்பியிருக்கிறது. வரி கொடுத்தவன் பெயரைச் சனம் சும்மா விடாது.

சண்டை முடிந்தும் அவர் உயிரோடு இருந்திருந்தால் 1948க்குப் பிறகு அடையாள அட்டை எடுத்திருக்க வேண்டும், 1951க்குப் பிறகு சேமநிதியில் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதையும் பார்ப்போம். முதலில் நோட்டு.

எனக்கு அவருடைய பெயர் வேண்டும், அவருடைய அப்பா பெயரும் வேண்டும். ராமசாமி, முனியாண்டி மாதிரிப் பெயர் என்றால் பட்டப்பெயர் ஏதாவது இருந்ததா என்று அத்தையிடம் கேளுங்கள். எங்கள் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் ஒரே பெயரில் ஏழு பேர் இருந்தார்கள், நெட்டை, குட்டை, கருப்பு, சேலம் என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் குலசாமி எது என்றும் எழுதுங்கள்.

மகனிடம் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை பசியாறிவிட்டுக் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதையில் வண்டி போகாது, அடுத்த வாரம்தான்.